காது வைத்த பலகைகள்

என் கணவர் ஹபீப் ரகுமானை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அவருடைய அண்ணன் ஜெய்னுலாப்தீன், பலகை அறுக்கும் மிஷினை விற்றுவிடலாம் என்றார். மனதில் கெட்ட எண்ணம் இல்லை. சேத்தூர் ரோட்டில் அடிபட்டுக் கிடந்த தம்பியைப் பைக்கோடு தூக்கியவர் அவர். தம்பி பெண்டாட்டி மரத்தூளுக்கு நடுவே நின்று என்ன செய்வாள் என்று கவலை.

“ஒனக்கு இத்தா முடியட்டும்மா. பொறவு வெலைக்கு வாங்குத ராஜரத்தினம் லாரி கொண்டாந்து ஏத்திக்கிடுவாரு. பேசியாச்சு.”

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவரே பேசி முடித்திருந்தார்.

கணவனை இழந்தவள் இத்தா முடியும்வரை வீட்டுப்படி இறங்கக் கூடாது. நான் இறங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மேசை, அலமாரிகளுக்குப் படம் வரைந்தேன். முன்பும் வரைந்தவள் நான்தான். நான் வரைந்ததை அவர் ராஜபாளையம் ஷெட்டில் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். மிஷின் பிளைவுட்டை அப்படியே அறுத்துத் தரும். ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரு பலகையின் பல் இன்னொன்றின் பள்ளத்தில் இறங்கி இறுகிக்கொள்ளும்.

மடவார் வளாகத்தில் டியூஷன் நடத்தும் ஜாஸ்மின் டீச்சருக்கு எழுதுமேசைகள் செய்து தருவதாக அவர் ஒத்துக்கொண்டிருந்தார். டீச்சர் வீட்டு மாடிப்படி குறுகல். பலகையாக ஏற்றி, மேலே போய்க் கோக்க வேண்டும். படத்தை ஷெட்டில் வேலை செய்யும் பாண்டிக்குப் போனில் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான். “அக்கா, பல்லு உள்ள ஏற மாட்டேங்கு.”

“தட்டிப் பாரு.”

“தட்டினேன். பலகை வெடிச்சிருச்சு.”

வீடியோவில் காட்டினான். மிஷினில் சுற்றி அறுக்கும் முனையான பிட் உருளை வடிவம். அதனால் பள்ளத்தின் மூலையைக் கூராக அறுக்க முடியாமல் கொஞ்சம் மரத்தை விட்டு வைத்திருந்தது. அந்த மரம் பல்லை மறித்தது.

“ஹபீப் அண்ணன் காது வைப்பாவல்லா?” என்றான்.

“என்ன காது?”

“மூலையில தள்ளி வட்டமா ஒரு வெட்டு. உங்க படத்துல அது இருக்காது. அவிய உக்காந்து மூலைக்கு மூலை வச்சிட்டுத்தான் ஓட்டுவாவ. சொல்லலியா?”

சொல்லவில்லை. என் படம் என்றைக்காவது தப்பியிருக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம், “ஒம் படம் தப்பாதுட்டி” என்று சிரித்தவர். எனக்கு ஆத்திரமாக வந்தது. சண்டை போட ஆளில்லை. அழுது முடித்து, ஒவ்வொரு மூலைக்கும் நானே காது வைத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒரு பலகையும் வெடிக்கவில்லை. டீச்சர் வீட்டு மேசைகளைப் பார்த்து மம்சாபுரத்திலிருந்து அலமாரி கேட்டார்கள்.

ஒருநாள் பழம் வாங்கி வந்த ஜெய்னுலாப்தீன் மச்சான் லேப்டாப்பைப் பார்த்துவிட்டார்.

“இத்தாவுல இதெல்லாம் என்னம்மா?”

“வீட்டுக்குள்ளதான இருக்கேன் மச்சான்.”

“ராஜரத்தினத்துக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

“நான் குடுக்கலியே.”

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

இத்தா முடிந்த மறுநாள் காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். ஷெட் வாசலை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. பக்கத்தில் மச்சான், ராஜரத்தினம், கழற்றி ஏற்ற வந்த ஆட்கள். நான் சலாம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பாண்டியும் நானுமாகப் பலகையை மிஷின் மேல் ஏற்றி முடுக்கினோம். தகர ஷெட்டு அதிர்ந்தது.

ராஜரத்தினம் பக்கத்தில் வந்து கத்தினார். “எப்பம்மா நிறுத்துவீங்க?”

“இது முடியணும்.”

“முடிஞ்சா?”

“அடுத்த பலகை இருக்கு.”

“அதும் முடிஞ்சா?”

“மம்சாபுரத்து அலமாரி இருக்கு. அண்ணாச்சிக்கு எதும் வேணுமா? படம் வரைஞ்சு தாரேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாய், மிஷின் சும்மா கெடக்குன்னுல்லா சொன்னீரு?” என்று மச்சானைக் கேட்டார்.

மச்சான் என்னிடம் வந்தார். “நூர்பானு, ஊரு என்ன பேசும்?”

“இந்தச் சத்தத்துல கேக்காது மச்சான்.”

லாரி பின்வாங்கி வெறுமனே திரும்பிப் போன சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. வாசலில் வெளிச்சம் விழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மச்சான் இன்னும் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அறுத்த பலகையை இறக்கிவிட்டு, அடுத்ததைத் தூக்கப் பாண்டியைக் கூப்பிட்டேன்.