திட்டக்குடி நாரத்தங்காய்

"யாரக் கேட்டு ரெண்டு கிலோ கறிய—"

"கறி வாங்கறதுக்கு நான் யாரக் கேக்கணும்—"

"மெதுவாப் பேசு, கூடத்துல ஆளு உக்காந்திருக்கு—"

"நீங்கதான் கத்துறீங்க. தள்ளுங்க, எண்ணெ தெறிக்கும்."

சடையப்பன் தள்ளவில்லை. செம்மண்டலத்து வீட்டின் அந்தச் சமையலறையில் ரெண்டு பேர் நின்றால் பூனைக்குக்கூட இடமிருக்காது. புஷ்பவள்ளி புருஷனை இடுப்பால் ஓர் இடி இடித்துவிட்டு, அகலமான இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

"பொண்ணு வீட்டுக்காரங்க மாப்ள வீட்டப் பாக்க வந்தா காப்பியோட சரி. பேச்சு முடியாம யாராவது கை நனைப்பாங்களா? அந்த மனுஷன் காப்பியக்கூடத் தொடல."

"நனைப்பாரு."

"நீ கண்ட?"

"கண்டன்."

கண்டது ஒன்றுமில்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வைத்திலிங்கம் திட்டக்குடியிலிருந்து எதற்கு வந்திருக்கிறார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அவர் மகள் இசைவாணியும் இவள் மகன் தமிழ்மணியும் சிதம்பரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். ஒருத்தரை ஒருத்தருக்குப் பிடித்துப்போயிற்று. அவருக்கோ சொந்தத்தில் வேறொரு பையன் மனசில் இருக்கிறான். மகள் நச்சரிப்புக்காக வந்தார். வீட்டைப் பார்த்தோம், சொல்லி அனுப்புறோம் என்று எழுந்துவிடுவார். அப்படிப் போனவர்கள் சொல்லி அனுப்பியதாகச் சரித்திரமே கிடையாது.

"ஓவன்ல வெக்கப்போறன்னு எனக்குத் தெரியாம ராத்திரியே ஊற வேற வெச்சிருக்க. இப்பக் கரண்டு இல்ல. என்னா பண்ணுவ?"

அந்த ரெண்டாயிரத்துப் பதினோராம் வருஷம் கரண்ட் போகாத ஞாயிற்றுக்கிழமை ஏது? மகன் ஆசையாய் வாங்கிய ஓவன் மூலையில் செத்துக் கிடந்தது.

"ஓவன் வர்றதுக்கு முன்னால கோழி பச்சையாவா திரிஞ்சிது? தட்ட எடுங்க."

எண்ணெய் காய்ந்ததும் மசாலாவில் ஊறிச் சிவந்த துண்டுகளை, ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பினாள். சொய்யென்று ஒரு சத்தம். வாசனை அவளுக்கு முன்னால் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தமிழ்மணி பேப்பரை மடித்து வைத்திலிங்கத்துக்கு விசிறிக்கொண்டிருந்தான். புஷ்பவள்ளி தீயைக் குறைத்து மூடியைப் போட்டாள்.

"மூடி போட்டீங்களா?" கூடத்திலிருந்து குரல். வந்ததிலிருந்து "ஆமா", "இல்ல" தவிர அவர் பேசிய முதல் பேச்சு.

"போட்டன் அண்ணே."

"தண்ணி வுட்டுடும். அவிச்ச கோழியாப் பூடும்."

"வுடட்டும். அந்தத் தண்ணியிலயே வெந்து, அதுவே சுண்டி மேல ஒட்டிக்கும்."

"பம்புசெட்டுல நான் வறுக்காத கோழியா? மூடவே கூடாது."

"அப்ப வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. கூடத்துல இருந்துகிட்டு எங்க அடுப்ப நடத்துறீங்களே!"

சடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். வைத்திலிங்கத்தின் சம்சாரம் ராஜாமணிதான் கை கொடுத்தாள். "போங்களேன். இங்க வேர்த்து ஊத்துது, அங்கயாவது ஜன்னல் இருக்கும்."

அவர் வாசற்படியில் வந்து நின்றபோது மூடியைத் திறந்தாள். சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னன்ல."

"இருங்கண்ணே." தீயைத் தூக்கிவிட்டாள். தண்ணீர் சுண்டியது, எண்ணெய் பிரிந்தது, மசாலா கறுத்துத் துண்டுகளைக் கவ்விக்கொண்டது.

"இப்பத் திருப்புங்க, தீஞ்சிடும்!"

"அவசரப்படாதீங்க. சட்டிய வுட்டு அதுவா நகரணும். பிச்சி எடுத்தா மசாலா சட்டியோட பூடும்."

நகர்ந்தது. திருப்பினாள். இளம் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டினாள்.

"உப்புப் பாருங்க."

"நான் சாப்புட வரல, தங்கச்சி."

"சாப்பாடு யாரு போட்டா? உப்புதான் பாக்கச் சொல்றன். எங்க வீட்டுக்காரருக்கு நாக்குல ருசியே கெடையாது."

சடையப்பன் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வைத்திலிங்கம் வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார்.

"இதுல எலுமிச்ச இல்ல."

"இல்ல."

"தயிரும் இல்ல. இது… நாரத்தங்கா."

பிழிந்த காய் அடுப்பு மேடையிலேயே கிடந்தது, தடித்த தோலும் முண்டும் முடிச்சுமாய். அவர் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க பம்புசெட்டு மரத்துதுதான் அண்ணே. ஊருக்குப் போயிருந்தப்ப உங்க பொண்ணு பறிச்சி, தமிழ்மணிகிட்ட குடுத்தனுப்பிச்சா. இதப் பிழிஞ்சி ஊற வெச்சாதான் எங்கப்பாவுக்கு எறங்கும்னு போன்ல சொன்னா."

சடையப்பன் முகம் சுருங்கிவிட்டது. கெட்டது காரியம்! கூடத்தில் பேப்பர் விசிறலும் நின்றது. ராஜாமணியின் குரல் மட்டும் வந்தது: "மரத்துல ரெண்டு காய் கொறையுதுன்னு அன்னிக்கே சொன்னன். அணில்னீங்க."

வைத்திலிங்கம் சிரிக்கவில்லை. "இந்த வீட்ல கை நனைக்கக் கூடாதுன்னு நெனச்சிக்கிட்டுதான் பஸ் ஏறனன்."

"தெரியும் அண்ணே. காய் உங்க மரத்துது. உப்பு மட்டுந்தான் எங்க வீட்டுது."

அவர் தன் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் மசாலா. பக்கத்திலேயே குழாய். ஒரு கணம் நின்றுவிட்டுத் திருகினார். தண்ணீர் அவர் கையில் விழுந்தது.

கழுவிக்கொண்டு கிளம்பப்போகிறாரா, உட்காரப்போகிறாரா என்று சடையப்பன் விழித்துக்கொண்டு நின்றார். புஷ்பவள்ளி அடுத்த ஈட்டுக்கு எண்ணெய் ஊற்றியபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்:

"இலை போடட்டுமா, சம்பந்தி?"