மூன்றும் சரி

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் கண்ணாடிக்காரர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனத்த சோதனை ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல நல்லாத் தெரியுதா, இல்ல இதுலயா?" என்று கேட்பதுதான் அவர் பிழைப்பு. நடுவில் ஒரு குறும்பும் செய்வார். போட்ட லென்ஸை எடுத்து, துடைக்கிற மாதிரி பாவனை காட்டி, அதையே திரும்பப் போடுவார். "ரெண்டாவதுதான் சார் பளிச்சுன்னு இருக்கு" என்று பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. எதிரில் நிற்கிற மனிதர் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே என்ற தாட்சண்யம்தான். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி அப்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்தக் கல்லா இப்போது காலி. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன், துணைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சூட்கேஸோடு கிளம்பிப் போனவள்தான். அக்கா இப்போது மாடிப்படி ஏறித் துணி உலர்த்துகிறாளாம். இவள் மட்டும் திரும்பவில்லை. ஃபோனில் கேட்டால் "வரேன், வரேன்" என்பதோடு சரி. சண்டை என்று ஒன்று நடந்திருந்தாலாவது சமாதானம் பேசலாம். நடக்காத சண்டைக்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது அவளைத் திரும்பி வரச் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு கட்டிவிட்டார். ஆனால் "நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை" என்று நேரடியாகச் சொல்லத் தலைகீழாக நின்றாலும் அவருக்கு வராது. ஒரு சாக்கு வேண்டும். சாக்கு சமையலறை அலமாரியில் இருந்தது.

மூன்று பாட்டில் சிங்கிள் மால்ட் விஸ்கி. மூன்றும் ஒரே ஆலையில் வடித்தவை, பீப்பாயில் கிடந்த காலம்தான் வேறு. பன்னிரண்டு வருஷம் கிடந்தது சின்னவன், பதினைந்து நடுவிலவன், பதினெட்டு பெரியவன். பெயர் வைத்தவர் அவர்தான். "நமக்கும் மூணு பசங்க இருக்காங்க. மூணும் மூடி போட்ட பசங்க" என்பாள் மனைவி. வேறு பிள்ளைகள் அவர்களுக்கு இல்லை.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையில் அந்த வைபவம் நடக்கும். சோதனை ஃபிரேமில் இரண்டு பக்கமும் கறுப்பு வில்லையைப் போட்டு மாட்டிக்கொள்வார். ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணைச் சோதிப்பதற்கான வில்லை அது. இரண்டையும் போட்டால் கும்மிருட்டு. நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டால் அதில் என்ன கெட்டிக்காரத்தனம்? மனைவிக்கு அந்த வாடையே ஆகாது. முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்று கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இடம் மாற்றி வைப்பாள். இவர் மோந்து பார்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நாக்கில் உருட்டி, ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொல்வார். "தேன் வாசனை. கொஞ்சம் பேரிக்காய். இவன் சின்னவன்." "உலர்ந்த திராட்சை வருது பாரு, நடுவிலவன்." "பழைய மர அலமாரியைத் திறந்த மாதிரி இருக்கு. பெரியவனேதான், சந்தேகமே வேண்டாம்." பிறகு ஃபிரேமைக் கழற்றிவிட்டு அவளைப் பார்ப்பார்.

"மூணும் சரி" என்பாள்.

வருஷக்கணக்காக மூன்றும் சரி. தன் நாக்கைப் பற்றிக் கடைத்தெருவில் அவர் அளந்துவிடாத ஆள் பாக்கியில்லை.

இந்த விளையாட்டைத் தனியாளாக ஆட முடியாது என்பது அவள் போன பிறகுதான் உறைத்தது. ஊற்றுகிறவரும் தானே, கண்டுபிடிக்கிறவரும் தானே என்றால் எப்படி? இன்றைக்கு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கடையில் ஃபிரேம்களுக்கு விலை ஒட்டுகிற குட்டி ஸ்டிக்கரில் எண் போட்டுக் கிளாஸ்களின் அடியில் ஒட்டினார். தட்டில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தட்டைச் சுற்றினார், கிளாஸ்களை இடம் மாற்றினார், மறுபடி சுற்றினார். கண்ணாமூச்சியில் தானே ஒளிந்து தானே தேடுகிற பிள்ளை மாதிரி இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்றாலும் வெட்கமாக இருந்தது.

மோந்தார், உருட்டினார், தீர்ப்புச் சொன்னார். கிளாஸைத் தூக்கிப் பார்த்தால் மூன்றும் தப்பு.

காலையில் வெங்காயம் சாப்பிட்டதுதான் காரணம் என்று வாயைக் கொப்பளித்தார். வெறும் ரொட்டித் துண்டை மென்று விழுங்கிவிட்டு மறுபடி பார்த்தார். ஒன்று சரி. அதுவும் அதிர்ஷ்டத்தில் வந்தது என்று அவருக்கே தெரிந்தது. இன்னொரு முறை பார்த்தார். மறுபடி மூன்றும் தப்பு. மூக்கு உடைந்துபோனது, அதுவும் ஆளில்லாத வீட்டில். இருந்தாலும் சாக்கு இன்னும் பலமாகிவிட்டதே என்று தேற்றிக்கொண்டு ஃபோனை எடுத்தார்.

"சாப்பிட்டாச்சா?" என்றாள்.

"ஆச்சு. நம்ம பசங்க மூணு பேரையும் இன்னிக்கு வச்சுப் பாத்தேன். ஒண்ணும் சரியா வரல. நீ ஊத்தித் தந்தாத்தான் வருது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதான்... நீ எப்ப வரே?"

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள்.

"நான் ஊத்தினாலும் அப்படித்தாங்க வரும்."

"என்ன சொல்றே?"

"எப்பவாவது சரியாச் சொல்வீங்க. மத்தபடி தப்புதான். ஒருநாள் மூணுலயும் சின்னவனையே ஊத்தி வச்சேன். கடையில நீங்க ஒரே லென்ஸைத் திரும்பப் போடுவீங்களே, அந்த மாதிரி. தேன், திராட்சை, மர அலமாரின்னு மூணையும் ஒப்பிச்சீங்க."

அவருக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப ஏன் சரின்னே? பாவம் பாத்தியா?"

"பாவமெல்லாம் இல்ல. ஆரம்பத்துல ஒருநாள் தப்புன்னு சொன்னேன். உடனே கறுப்பை மாட்டிக்கிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சுட்டீங்க. சரின்னு சொன்னா அதைக் கழட்டி வச்சுட்டு, என் முகத்தைப் பாத்துப் பேசிக்கிட்டிருப்பீங்க. சாயங்காலம் வரைக்கும் பேசுவீங்க. வாரத்துல எனக்கு அது ஒண்ணுதான்."

நாள் முழுக்க ஊரார் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவர் அவர். "சரி, தப்பு என் பேர்லதான். நீ வந்துடு. உக்காந்து பேசலாம்" என்றார்.

"கண்ணு மங்கலா இருக்குன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"பாக்கலாம்னு சொன்னேனே."

"பாக்கலாம், பாக்கலாம்னுதான் சொன்னீங்க. போறவங்க வர்றவங்க எல்லாரும் உக்கார்ற நாற்காலி. நான் ஒருநாள்கூட உக்காந்ததில்ல."

"வந்ததும் முதல் வேலையா அதைப் பாத்துடறேன்."

"ஆச்சுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில பாத்துட்டேன். அவரும் ஒரே லென்ஸை ரெண்டு தடவை போட்டார். ரெண்டும் ஒண்ணுதானேன்னேன். சிரிச்சுட்டார்."

வேறொரு கடை! கண்ணாடிக்காரர் பெண்டாட்டி வேறொரு கடையில் போய் உட்கார்ந்தாளா! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்திலேயே வேறொரு சந்தேகமும் வந்தது. "அந்தக் கடை நம்ம ஊர்லதானே இருக்கு? நீ எப்ப போனே?"

"இங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் உங்க கல்லாவுல உக்காந்திருந்தேன். இன்னிக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னு பாத்தேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் அவரைப் பயமுறுத்தியது. "அக்கா கூப்பிடறா. வச்சுடறேன்."

மேஜை மேல் மூன்று கிளாஸும் அப்படியே இருந்தன. அவர் சோதனை ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டார். கறுப்பு வில்லைக்குப் பின்னால், அவள் கிளம்பிய நாளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். சூட்கேஸின் கைப்பிடி அறுந்து நூல் கட்டியிருந்தது ஞாபகம் வந்தது. அவள் வாசல் விளக்கை அணைக்கச் சொன்னது ஞாபகம் வந்தது. முகமும் அதில் இருந்த கண்ணாடியும் மட்டும் தெளியவில்லை. அந்த முகத்துக்கு மனசுக்குள்ளேயே கறுப்பு ஃபிரேமைப் போட்டுப் பார்த்தார். எடுத்துவிட்டுப் பிரவுன் ஃபிரேம். பிறகு மெல்லிய தங்கக் கம்பி. இதுவா, இல்லை அதுவா? எல்லாமே அவளுக்குப் பொருந்தத்தான் செய்தன.

கடைசியில் தங்கக் கம்பிதான் என்று ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஃபிரேமைக் கழற்றி எதிரே பார்த்தார். சரியா, தப்பா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.