டலா படகில் விட்ட புத்தகம்

மோசஸின் மகள் மிரியம் கடை வாசலில் வந்து நின்றதுமே அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டுதான் மூன்று வருடமாக, பர்மாவின் கியாக்டடா பேட்டையில் இந்தப் பழைய புத்தகக் கடையைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

"ஊலே, அப்பா குடுத்த புத்தகம் இருக்குல்ல?" மாமா என்பதைச் சின்ன வயதிலிருந்தே அவள் பர்மியச் சொல்லில்தான் சொல்வாள்.

மோசஸ் யூதர். என் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் தெருவிலேயே வளர்ந்ததால் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். மகளோடு சிட்னிக்குப் போகும்போது, பழம்பொருளை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று பயந்து ஓர் எபிரேயப் புத்தகத்தை என்னிடம் ஒப்படைத்தார். ஹசிடிக் என்னும் பக்திப் பிரிவைச் சேர்ந்த ரப்பி, அதாவது யூத குரு ஒருவர், தோராவுக்கு எழுதிய உரை.

"தோரா எங்க வேதம், சபாபதி. இது இருநூறு வருஷத்துக்கு முந்தின பதிப்பு. உலகத்துலயே நாலஞ்சுதான் மிச்சம்" என்றார். புத்தகக்காரனிடம் இருந்தால் பத்திரம் என்று நம்பினார், பாவம்.

அடுத்த மழையில் கூரை ஒழுகி அலமாரியில் கரையான் ஏறியது. திறந்து பார்த்தால் முன்பாதி மண்ணாக உதிர்ந்தது. அப்போதே மோசஸுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வெட்கம், வேறென்ன? வேதத்தைக் கடலை மடிக்கவா போட முடியும்? எங்கள் வீட்டில் கிழிந்த சாமி படத்துக்குச் செய்வதையே இதற்கும் செய்தேன். மஞ்சள் துணியில் ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டி, அக்கரையிலுள்ள டலாவுக்குப் போகும் படகில் ஏறி நடு ஆற்றில் விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். புண்ணியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு!

ஒன்று விடாமல் சொன்னேன். மிரியம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசிப் பக்கமுமா?"

"அது நல்லாத்தாம்மா இருந்துச்சு. என்னமோ கையால எழுதியிருந்துச்சு."

"பாட்டி செத்த தேதி, ஊலே. போர்ல குண்டு விழுந்து செத்தாங்க, அப்ப அப்பாவுக்கு நாலு வயசு. தாத்தா அதுலதான் எழுதி வச்சார். வருஷா வருஷம் அந்த நாள்ல விளக்கேத்தணும். மனசுலயே இருக்குன்னு அப்பா வேற எங்கயும் எழுதிக்கல. இப்ப மறதி வந்துடுச்சு. தினமும் கேக்குறார்."

என் அம்மாவின் திதியை நான் ஒரு வருடமும் விட்டதில்லை. எனக்கா இது புரியாது? 

"நாங்களும் கிழிஞ்ச வேதத்தைத் தூக்கிப் போடமாட்டோம்" என்றாள். "மண்ணுல புதைப்போம்."

மண்ணாக இருந்தால் இந்தக் கையாலேயே தோண்டியிருப்பேன். ஆற்றில் என்ன செய்வது?

"என்னைக்கு ஆத்துல விட்டீங்க?" என்று கேட்டாள்.

"புரட்டாசி அமாவாசை. செத்தவங்களுக்கான நாளாச்சேன்னு..."

போனில் அந்த அமாவாசையின் தேதியைத் தேடிப் பார்த்தாள். பிறகு அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, தேதி கிடைச்சுடுச்சு" என்று, நான் புத்தகத்தை ஆற்றில் விட்ட அந்த நாளையே பாட்டியின் நாளாகச் சொன்னாள்.

மறுமுனையில் கிழவர் அழுதது எனக்கும் கேட்டது. "எனக்குத் தெரியும். சபாபதி பத்திரமா வச்சிருப்பான். அவன்கிட்ட குடு."

மிரியம் என் முகத்தைப் பார்க்காமல் போனை நீட்டினாள்.

"ஆமா மோசஸ்" என்றேன். "பத்திரமா இருக்கு."