ஒரு சாட்சி போதும்

அவர் நீதிமன்றத்தின் படி ஏறியதே இல்லை. ஆனாலும் சபையில் அவருக்கு வக்கீல் என்றுதான் பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பக்கத்து இருக்கையில் தனக்கென்று தனி பிரேக்கோடு உட்கார்ந்திருப்பார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் ஆரம்பித்துவிடுவார். கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்ன ஆதாரம், அவர் நல்லவர் என்றால் உலகத்தில் ஏன் இத்தனை துன்பம், ஆண்டவருடைய கல்லறை ஏன் காலியாக இருந்தது. கற்றுக்கொள்ள வந்தவர் பாவம், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு எங்கே ஓடுவார்? வேதத்தைக் கரைத்துக் குடித்த மனிதர், எதிராளி வாயைத் திறப்பதற்குள் பதிலைத் தயாராக வைத்திருப்பார். கொஞ்சம் அலட்டல் உண்டு. ஆனால் நேர்மையில் யாரும் குறை சொன்னதில்லை. ஓட்டத் தெரியாத ஆளைத் தெரியும் என்று சொல்லி ஒருநாளும் அவர் தேர்வுக்கு அனுப்பியதில்லை.

அப்படிப்பட்டவர் ஜெயிக்க முடியாத ஒரே ஆள், அவருடைய சொந்தத் தம்பி. எலக்ட்ரீஷியன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்து நின்று, "எனக்கு நம்பிக்கை வரல. வராம உங்களோட சேர்ந்து பாடுறது உங்களை ஏமாத்துற மாதிரி இருக்கு. என் பேரை எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டான். சொன்னவன், வாசலில் எரியாமல் கிடந்த விளக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் போனான். அதற்குப் பிறகும் சபைக் கட்டடத்தில் ஃபியூஸ் போனால் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அவனும் வந்தான்.

அவனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தெரிந்தபோதே முற்றியிருந்தது. வக்கீல் வகுப்புகளைச் சுருக்கிக்கொண்டு தினமும் மருத்துவமனைக்குப் போனார். முதலில் வாதங்களோடு போனார், பிறகு ஆரஞ்சுப் பழத்தோடு, கடைசியில் வெறுங்கையோடு. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவருக்கு இரண்டும் சேர்ந்தே ஆடியது. தம்பியின் கை குச்சியாகிவிட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் மத்தியானம் கேட்டே விட்டார்.

"ஒரே ஒரு வார்த்தை ஆண்டவர்கிட்ட சொல்லேன்டா. அம்மாவுக்காக."

"அம்மாவுக்காகச் சொன்னா அது ஆண்டவர்கிட்ட சொன்னதா ஆகாதுண்ணா." தம்பிக்கு மூச்சு வாங்கியது. "பொய் சொல்லக் கூடாதுன்னு சின்ன வயசுல என் காதைத் திருகினது நீதானே. நான் போனப்புறம், கடைசி நேரத்துல திருந்திட்டான்னு கதை கட்டிடாத."

"கட்ட மாட்டேன்."

"சத்தியமா?"

"நாம சத்தியம் பண்ணக் கூடாதுடா. ஆமான்னா ஆமாதான்."

தம்பி சிரித்தான். "இதுலயும் வேதமா?" என்று சொல்லி இருமினான். மறுநாள் காலை அவர் போய்ச் சேருவதற்குள் அவன் போய்விட்டான்.

போதகர் மருத்துவமனைக்கே வந்தார். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. வக்கீலைத் தாழ்வாரத்தின் மூலைக்கு அழைத்துப்போய்ப் பேசினார். அவர்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் விசுவாசிகளுக்கு மட்டும்தான் இடம். விலகிப்போனவன் என்றால், சாகும் முன் மனம் திரும்பினான் என்று விசுவாசி ஒருவர் சொல்ல வேண்டும். ஒரு சாட்சி போதும்.

"நீங்கதான் கூடவே இருந்தீங்க, பிரதர். உங்க வார்த்தையை யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. ஏதாவது சொன்னாரா? சும்மா தலையாட்டினாக்கூடப் போதும். அப்பா பக்கத்துல இடம் காலியாதான் இருக்கு."

தலையாட்டத்தான் செய்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு ஆட்டினான். அதைச் சொன்னால் பொய்கூட இல்லை, பாதி உண்மை. கொஞ்சம் தள்ளி, பெஞ்சில் அம்மா உட்கார்ந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவருக்கும் தனக்கும் நடுவில் சின்னவனைப் படுக்க வைத்துவிட்டால் போதும் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. பெற்ற மனம் பித்து. வக்கீலுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு 'ஆமாம்' சொல்லிவிட்டால் மூன்று பேருக்கு நிம்மதி. ஆனால் தம்பி, நம்பிக்கை இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லத் தெரியாமல்தானே எல்லாவற்றையும் விட்டுப் போனான். நம்பாதவன் சொல்லாத பொய்யை நம்புகிறவன் சொல்வதா?

"இல்லை, ஐயா" என்றார். "அவன் எதுவும் சொல்லல."

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அடக்கம் முடியும்வரை மூத்தவனோடு பேசவில்லை.

பொது மயானத்தில் அடக்கம் நடந்தது. சபையிலிருந்து சிலர் வந்தார்கள். போதகரும் அங்கி இல்லாமல், சாதாரணச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனார். எத்தனையோ சாவு வீடுகளில் ஆறுதல் பிரசங்கம் செய்த வக்கீல், மண்வெட்டியை வாங்கித் தானே மண்ணைத் தள்ளினார். எல்லோரும் போன பிறகு அம்மாவும் அவரும்தான் மிச்சம்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் அம்மா.

"கேளும்மா."

"என் பிள்ளை இப்போ எங்க இருக்கான்?"

இந்தக் கேள்விக்கு அவர் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறார். நம்பாமல் சாகிறவர்கள் கதி என்ன என்று, சிக்னல் பச்சையாவதற்குள், குரலை உயர்த்தாமல், வசனங்களோடு சொல்லி முடித்திருக்கிறார். அதே பதில் இப்போதும் நெஞ்சில் அப்படியே இருந்தது. அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே. இவ்வளவு காலம் இதை யார் யாருடைய பிள்ளைகளைப் பற்றியெல்லாம் சொன்னோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"தெரியலம்மா."

"உனக்கா தெரியாது?"

"தெரியல."

அம்மா மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காணாமப்போன ஆட்டைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஆண்டவர் தேடினார்னு நீதான் சொல்லுவ. இவன் செத்துட்டான்னு தேடுறதை நிறுத்திடுவாரா?"

அதற்கும் பதில் இருந்தது. ஒரு கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டவரை வாயடைக்க வைத்துக் கைதட்டல் வாங்கியவர் அவர். விழுங்கிக்கொண்டார்.

"அவனுக்காக ஜெபம் பண்ணு" என்றாள் அம்மா.

"அம்மா, செத்தவங்களுக்காக நம்ம..."

"நம்ம சபையில பண்ண மாட்டாங்க. எனக்கும் தெரியும். நீ உண்மையைச் சொன்ன, அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். உன்னை அப்படித்தான் வளர்த்தேன். ஆனா அவனை வெளிய வெச்சது நீ சொன்ன வார்த்தைதான். உள்ள கூப்பிட்டுக்கங்கன்னு கேக்க வேண்டியதும் நீதான்."

வக்கீல் ஈர மண்ணில் முழங்காலிட்டார். "ஆண்டவரே, என் தம்பி..." என்று தொடங்கினார். பதில் சொல்லியே பழகிய வாய்க்குக் கேட்க வரவில்லை. மறுபடியும் "என் தம்பி" என்றார். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. அம்மா அவர் தலையில் கையை வைத்தபடி, அவர் முடித்ததும் ஆமென் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.