குறை கேட்க வந்த ஜெனரல்

சுமதிக்கு அன்று காலையிலிருந்தே கோபம் தலைக்கேறியிருந்தது. தார்நாகாவில் அவர்கள் சந்துச் சாக்கடை மறுபடி பொங்கி, வாசல் தாண்டி வீட்டுக்குள் வந்திருந்தது. மகள் ராஜி பச்சைக் குழந்தையோடு கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் கிடந்தாள். வீட்டுக்காரர் வேதாசலமோ அந்த நாற்றத்தின் நடுவே உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏனென்றால், ஜெனரல் பூபாலன் வருகிறார். வேதாசலம் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தபோது அவருக்குப் பெரிய அதிகாரி. இப்போது ஓய்வுபெற்று, சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். சந்து சந்தாக ஓட்டுக் கேட்கிறார்.

"எல்லையில பனியில நின்னவரு. இந்தச் சாக்கடை அவருக்கு ஒரு விஷயமா?" என்றார் வேதாசலம்.

"பனியில நின்னா சாக்கடை தெரிஞ்சிடுமா? கார்ப்பரேஷன் ஆபீஸ்ல எவன் மேசைக்கு எத்தனை வாட்டி நடக்கணும்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா?"

"பத்தாயிரம் பேரை நடத்தினவரு!"

"சொன்னா கேக்குற பத்தாயிரம் பேரு. இந்தத் தெருவுல சொன்னா கேக்க ஒரு நாய்கூட கிடையாது. இந்தப் பெருமையெல்லாம் எனக்கு நக்கோ, வேணவே வேணாம்."

இந்த மனுஷனோடு பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "போகட்டும். அவரு வந்ததும் சாக்கடையைச் சொல்லுங்க. உள்ள குழந்தை இருக்குன்னு சொல்லுங்க. சரிபண்ணித் தர்றேன்னு சொன்னா என் ஓட்டு அவருக்குத்தான்."

சொல்கிறேன் என்று வேதாசலம் சத்தியம் செய்தார்.

ஜெனரல் வந்தார். நரைத்த மீசை, விறைப்பான நடை, பின்னால் மாலையும் கையுமாக நாலைந்து பேர். சாக்கடையில் போட்டிருந்த கற்கள்மேல், நிமிர்ந்த தலை குனியாமலே தாண்டி வந்தார். வாசல்களில் நின்றவர்களைப் பார்த்து, பட்டாளத்தில் தர்பார் கூட்டி ஜவான்களைக் கேட்பதுபோலவே கேட்டார்.

"கோயி தக்லீஃப்? ஏதாவது குறை உண்டா?"

வேதாசலத்தின் குதிகால்கள் சேர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது. "நஹீன் சாப்!" என்று சந்தே அதிரக் கத்தினார்.

தர்பாரில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது என்று வேதாசலமே சுமதியிடம் எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சாப்பாட்டில் புழு கிடந்தாலும் 'இல்லை ஐயா'தான். அதற்காக, பேரக்குழந்தை உள்ளே கிடக்கும்போதுமா?

"ஷாபாஷ்!" ஜெனரல் அவர் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

சுமதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடைத் தண்ணீரிலேயே இறங்கி வழிமறித்தாள். "ஐயா, கொஞ்சம் கீழ பாருங்க. இது வீட்டுக்குள்ள வந்துடுச்சு. உள்ள பச்சைக் குழந்தை இருக்கு."

ஜெனரல் கீழே பார்த்தார். பிறகு அவளை விட்டுவிட்டு வேதாசலத்தைப் பார்த்தார். "ஹவில்தார், இப்பதானே கேட்டேன்? ஏன் சொல்லல?"

வேதாசலம் விறைப்பாகவே நின்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கச் சுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அவரை விடுங்க ஐயா. பட்டாளத்துல இத்தனை வருஷமா இதே மாதிரி கேட்டிருப்பீங்களே, ஒருத்தராவது குறை இருக்குன்னு சொன்னாங்களா?"

ஜெனரலின் முகம் மலர்ந்தது.

"ஒருத்தர்கூட இல்லம்மா," என்றார். "என் சர்வீஸ் முழுக்க, ஒருத்தர்கூட இல்ல."

பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.