ரப்பர் ஷீட்டில் தெரிந்த வயிறு

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருடம் கழித்து, மலாயாவில் மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், பிச்சையம்மாளின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் ஒரு ரப்பர் ஷீட்டில் தெரிந்தது. தீப்பெட்டி கிடைக்காமல் போனதும் அதே வாரம்தான்.

கணவன் இருளப்பனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து அவளுக்கு இடப்பக்கம் வயிற்றுவலி. ஒருநாள், உருளையில் அழுத்தி எடுத்த ஈர ஷீட்டின் மேலேயே சுருண்டு விழுந்தாள். அவளைத் தூக்கி, கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பிவிட்டு, ஷீட்டைப் புகைக் கொட்டகையில் தொங்கவிட்டார்கள். வேலை நிற்கக்கூடாதே. புகையில் காய்ந்து அது தேன் நிறத்துக்கு வந்ததும், தரம் பிரிக்கும் பாப்பம்மா வழக்கம்போல் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே பிச்சையம்மாள் இருந்தாள். முதுகெலும்பு, ஈரல், காலையில் தின்ற மரவள்ளிக்கிழங்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வயிற்றில் பக்கத்துக்கொன்றாக இரண்டு கறுப்புத் திட்டுகள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் தர்மலிங்கம் வந்து பார்த்தார். “ஒன்னு கட்டி லா. இன்னொன்னு என்னான்னு தெரியல. அலோர் ஸ்டார் டவுன்ல வயித்துக்குள்ள படம் புடிக்கிற மிஷின் இருக்கு. அத ஓட்டுன வெள்ளக்கார டாக்டருதான் ஜப்பான்காரனுக்குப் பயந்து கப்பலேறிட்டாரு.”

“ஷீட்டுல அழுக்கு இருந்தா கத்திரியில வெட்டி எடுக்குறோம். இதையும் எடுத்துருவோம்ங்க” என்றாள் பாப்பம்மா.

“வயித்த வெட்டப் போறியா, ஷீட்ட வெட்டப் போறியா?”

“எனக்கு ஷீட்டுதாங்க வெட்டத் தெரியும்.”

பாயில் கிடந்த பிச்சையம்மாள் சொன்னாள்: “எதையாச்சும் வெட்டுக்கா. அவரு வர்றப்ப நான் உசுரோட இருக்கணும்.”

காய்ந்த ஷீட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. பாப்பம்மா அவளுடைய இடப்பக்கம் என்று நினைத்த திட்டை வெட்டிக் கழிவுக் கூடையில் போட்டாள். வலி போகவில்லை, நாக்கில் உப்பு ருசி போய்விட்டது. கடையில் உப்பே கிடைக்காத காலம், அவளுக்கு மட்டும் அது தேவைப்படவில்லை. லயமே பொறாமைப்பட்டது, தங்களுக்கும் வெட்டிவிடச் சொல்லி இரண்டு பேர் ஈர ஷீட்டில் வந்து படுத்துக்கொண்டார்கள். பிச்சையம்மாள்தான் நாளுக்கு நாள் வற்றிப்போனாள். கடைசியில், அவள் இடக்கையில் போட்டிருக்கும் செப்புக் காப்பு ஷீட்டில் வலக்கையில் கிடப்பதை டிரசர் கண்டார்.

“அடடா, முதுகுப் பக்கமிருந்து பாத்துட்டோம் லா!”

ஷீட்டைத் திருப்பிப் பிடித்தார்கள். பாப்பம்மா மிச்சத் திட்டை ஓரம் விடாமல் வெட்டினாள். கூடையில் அது கல் மாதிரி விழுந்தது. பிச்சையம்மாள் எழுந்து உட்கார்ந்து கிழங்கு கேட்டாள். கழிவு ரப்பரை ஜப்பான்காரன் எண்ணெய் காய்ச்ச எடுத்துப்போனான். அந்த எண்ணெயில் ஓடிய லாரி ஒவ்வொரு மேட்டிலும் முனகிக்கொண்டு நின்றதாம்.

சண்டை ஓய்ந்ததும் இருளப்பன் வந்தான். அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பியது அவன் மட்டும்தான். உப்பில்லாத குழம்பைக் குறை சொல்லாமல் தின்றான்; இரவெல்லாம் இருமினான். அவனையும் பிச்சையம்மாள் ஓர் ஈர ஷீட்டில் படுக்கவைத்தாள். ஷீட் புகையில் காய்ந்ததும் அவன் நெஞ்சுக்குள் ரயில் பாதை தெரிந்தது. பாதையோரம் கூடப் போனவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாப்பம்மா இந்தத் தடவை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கத்திரியை எடுத்தாள்.

“வேணாங்க்கா” என்றான் இருளப்பன். “அவங்க எங்க போவாங்க?”

பிச்சையம்மாள் அந்த ஷீட்டைச் சுருட்டித் தன் ஷீட்டோடு பரணில் வைத்தாள். மழைக்காலத்தில் அவனுக்கு மூச்சிரைக்கும்போது ரயில் வரும் சத்தம் கேட்கும். அவள் பானை சட்டிகளை ஓரமாக நகர்த்தி வழிவிட்டுவிட்டு, அடுப்பை ஊதப் போய்விடுவாள்.