வயிறு தள்ளிய வேகன்

பிளாஸ்டிக் பாகங்கள் கிட் வாங்கி ஒட்டிய என் குட்டி நிலக்கரி வேகனை மாரெட்பள்ளி மாடல் ரயில் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். அவர்கள் சோதனையில் தேறினால்தான் மேஜைத் தண்டவாளத்தில் ஓடவிடுவார்கள். சூடான ஸ்பூனால் உள்ளிருந்து அழுத்திப் பக்கங்களைப் பிதுக்கியிருந்தேன்.

சங்கத் தலைவர் சுதர்சன் சிரித்தார். “என்னங்க பெரியவரே, வெயில்ல வெச்சிட்டீங்களா? நிமித்திக் கொண்டாங்க.”

“நக்கோ சார், நிமித்த மாட்டேன். முப்பது வருஷம் ரயில்வே யார்டுல வேகன் ரிப்பேர் பார்த்தவன் நான். நிலக்கரி ஏத்தி வயிறு தள்ளாத வேகன் ஒண்ணு காட்டுங்க.”

“புக்குல படம் நேராத்தானே இருக்கு?”

“படத்தையெல்லாம் நம்புறீங்களே! புதுசா பெயிண்ட் அடிச்ச அன்னிக்குப் புடிச்சது அது.”

ஓடவிடும் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார். அடிக்கட்டும். வேகனை அவர்கள் தண்டவாளத்தின் நடுவில் வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். அதைத் தங்கள் பெட்டிகளோடு கோக்காமல் இன்றைக்கு எந்த ரயிலும் நகராது.